சித்தியின் ஜப்பான் பேச்சு

பதுளைக்கு ரயில் வராத காலத்தைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறோமோ, தெரியவில்லை. மிஞ்சியிருப்பவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அரிசியும் துணியும் விருந்தாளியும் அங்கிருந்து மாட்டு வண்டியில்தான் நம்மிடம் வந்து சேர வேண்டும். மழைக்காலத்தில் பாதை சரிந்துவிட்டால் அதுவும் இல்லை. கடைத்தெருவில் நனைந்த சாக்கும் கருவாடும் மண்ணெண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்குமே, அது இப்போதும் சில நாள் காலையில் கண் விழிக்கும்போது மூக்கில் வந்து நிற்கிறது.

கொழும்பில் என் வீட்டுக்கு ஜப்பானிய மொழி படிக்க வருகிறவர்கள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள், "டீச்சர், நீங்க ஜப்பான்ல இருந்தீங்களா?" என்று. ராமேஸ்வரத்துக்குப் போன படகைத் தவிர நான் கடலில் கால் வைத்ததில்லை என்றால் நம்ப மாட்டார்கள். ஜப்பான் பேச்சு என்னிடம் மாட்டு வண்டியில் வந்தது. பண்டாரவளையிலிருந்து, ஓர் ஐப்பசி மழையில், என் சித்தப்பாவின் பெண்டாட்டியாக வந்தது.

அதற்கு முன்பே எனக்குப் பேச்சுப் பைத்தியம் இருந்தது. எங்கள் அரிசிக் கடைக்கு வராத ஆள் இல்லை. வெலிமடைப் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் சிங்களவர்கள், மலாய்க்காரக் காவல்காரர், சோனகத் துணிக்கடைக்காரர், தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் நம் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். நமுனுகுல மலையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் சில இருந்தன. அவர்கள் தண்ணீரை நீள்ளு என்றபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு குஷி. நீர் எங்கோ நீண்டு போய் நீள்ளு ஆகிவிட்டது என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். சிங்களத்தில் உப்பு லுணு, வெங்காயம் லூணு. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் விழுந்து, வெங்காயம் கேட்ட ஒரு பெரியம்மாவுக்கு உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அப்பா தலையில் குட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாள்.

பொட்டப் பிள்ளைக்கு இத்தனை வாய் ஆகாது என்பது அம்மாவின் கட்சி. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே தப்பு என்பாள். அங்கே இங்கிலீஷ் வேறு சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் பெரிய அவஸ்தை. நாம் கடைசியில் வைக்கும் சொல்லை அவர்கள் நடுவில் கொண்டுவந்து செருகுவார்கள். வாக்கியம் முடிவதற்குள் எனக்குத் தலை சுற்றும்.

சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு துணி வியாபாரியிடம் இருந்தார். போய் எட்டோ பத்தோ வருஷம். திரும்பி வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா பெண் பார்க்கவே ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு வண்டி வந்து நின்றதும் முதலில் சித்தப்பா இறங்கினார். பிறகு கையை நீட்டி ஒரு பெண்ணை இறக்கினார். சிறுகூடான உடம்பு. வெளுத்த சேலையை யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி சுற்றியிருந்தாள். இறங்கியதும் வாசலில் நின்ற எங்கள் ஒவ்வொருவருக்கும், எனக்கும்கூட, இடுப்பு வரை குனிந்தாள். வேலைக்காரக் கிழவனுக்கும் குனிந்தாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பரிகாசம் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு மாற வெகுநாள் ஆயிற்று.

அப்பா அன்று இரவு சித்தப்பாவோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பின்கட்டில் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கடைத்தெரு முழுக்கச் சீனத்தி வந்திருக்கிறாள் என்று பேச்சு. சீனாக்காரி இல்லை, ஜப்பான்காரி என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள்.

சித்தப்பாவும் சித்தியும் தங்களுக்குள் சிங்கப்பூர் மலாயில் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அது அரைகுறை. பதுளையில் மலாய்க்காரர்கள் இருந்தார்கள்தான். அவர்களில் ஒரு போலீஸ்காரரை அப்பா ஒருமுறை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் பேசிய மலாய் சித்திக்குப் பாதிதான் விளங்கியது. வீட்டு விஷயத்தைப் போலீஸ்காரன் காதில் போடுவதா என்று அம்மா சண்டை பிடித்ததில் அதோடு அது நின்றது.

தை பிறந்ததும் சித்தப்பா மறுபடி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அங்கே முடிக்க வேண்டிய கணக்கு வழக்கு இருக்கிறது, ஆடிக்குள் வந்துவிடுவேன், வந்து இங்கேயே கடை வைப்பேன் என்றார். போகும்போது என்னைக் கிட்டங்கி வாசலில் நிறுத்தி, சித்திக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். வீட்டில் அவரை நம்பிப் பேசிய ஒரே ஆள் நான் என்பதால் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு வயது பத்து. எனக்குக் கிடைத்த முதல் மாணவி அவள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிட்டங்கிக்குப் போவேன். தகரக் கூரையில் மழை கொட்டும். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே சுளகை மடியில் வைத்துக்கொண்டு சித்தி அரிசியில் கல் பொறுக்குவாள். நான் ஒரு பொருளைத் தொட்டுப் பேர் சொல்வேன், அவள் திரும்பச் சொல்வாள். பழம் அவள் வாயில் பராமு ஆகும். பல் பரு ஆகும். தமிழே தமிரு ஆயிற்று. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பிறகு நான் கேட்பேன், உங்கள் ஊரில் இதற்கு என்ன? அரிசி கொமே. மழை அமே. கல் இஷி. சிரிப்பு அடங்கியதும் இரண்டு பேரும் மறுபடி குனிந்து கல் பொறுக்குவோம்.

ஒருநாள் நான் கடைக்குப் போகிறேன் என்பதை அவள் பாஷையில் சொல்லிக் காட்டச் சொன்னேன். மிசே நி இக்கு என்றாள். மிசே கடை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இக்கு, போவது. நடுவில் இருந்த நி என்ன என்று யோசித்தேன். வீட்டுக்கு, ஆற்றுக்கு, கோயிலுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். எல்லாவற்றிலும் அந்த நி பின்னாலேயே வந்தது. கடை-க்கு-போ. நம்முடைய 'கு' அது! நாம் வைக்கும் இடத்திலேயே அவர்களும் வைத்திருந்தார்கள். போவதும் நம்மைப் போலவே கடைசியில்தான். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நம் மாதிரியே நினைத்து நம் மாதிரியே முடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் சுளகைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, புளியைக் கரைத்து வை என்றாள்.

பிற்பாடு வாழ்க்கையில் நல்லது எத்தனையோ நடந்தது. அன்றைய சாயங்காலத்துச் சந்தோஷம் வேறு எதிலும் வரவில்லை.

கிழிந்த துணித் துண்டுகளில் சித்தி சின்னச் சின்னப் பைகள் தைத்து, பாசிப்பயறு நிரப்பி வாயைக் கட்டுவாள். மூன்று பைகளை ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து, விழாமல் பிடித்து, எண்ணிக்கொண்டே போவாள். ஹிதொத்சு, ஃபுதாத்சு, மித்சு. அவர்கள் ஊர் அஞ்சாங்கல் அது. எண்கள் அப்படித்தான் எனக்குப் பழகின, கையில். பயறை வீணாக்குகிறாள் என்று அம்மா ஒருநாள் பைகளைப் பிரித்துக் கொட்டிவிட்டாள். அந்தத் துணிகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலக் கட்டம், இன்னொன்று சித்தப்பாவின் பழைய கைலி. அவை எங்கே போயினவோ.

குளிர் சித்திக்குப் பழக்கம்தான். ஆனாலும் விடியற்காலையில் நமுனுகுல பக்கமிருந்து பனி இறங்கும்போது தோளைக் கட்டிக்கொண்டு சமுக்கா, சமுக்கா என்பாள். நல்லதற்கு யொக்கா. இதெல்லாம் ஜப்பான் முழுக்க இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

பங்குனியில் நமுனுகுலத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. எங்கள் கடையிலிருந்துதான் அந்தத் தோட்டத்துக்கு அரிசி போகும். ஆகையால் வருஷாவருஷம் கங்காணி வீட்டிலிருந்து அழைப்பு வரும். அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. அப்பா என்னையும், வேறு வழியில்லாமல் சித்தியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைத்தெருப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்களே, அப்படி இல்லை. ஒருத்தி சேலையை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிவிட்டாள். ஒருத்தி தலையில் பூ வைத்தாள். கங்காணி பெண்சாதி என்னிடம் கேட்டாள், "சித்தி கப்பல்ல வந்தாங்களா?" ஆமாம் என்றேன். "நாங்களும் கப்பல்ல வந்தவங்கதான். வந்த புதுசுல நானும் மூணு மாசம் பேசாமத்தான் கெடந்தேன்" என்று சொல்லிச் சித்தியின் கையைப் பிடித்து லயத்துக்குள் கூட்டிப்போனாள். சித்தி தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து, ச்சா என்றாள். சாயா, சாயா என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பி வரும்போது வண்டியில் சித்தி தூங்கவில்லை. மலையைப் பார்த்தபடி பேர் பேராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மலை, கல்லு, பூவு, பொண்ணு. எல்லாம் நான் கொடுத்த சொற்கள்.

சித்திரை கழிந்து சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். நேரே கடைக்குப் போய் அப்பாவிடம் பேசினார். சித்தப்பா காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் செத்துப்போனார் என்றார். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சித்திக்குத் தெரிய வேண்டாம், என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். என்னையும் கூப்பிட்டு வாயைத் திறக்கக்கூடாது என்றார். சில நாள் அப்படியே போயிற்று. அடுப்பு எரியாத வீட்டில் சித்தி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  நான் கிட்டங்கிப் பக்கம் போகாமல் இருக்கக் காரணம் தேடினேன்.

கடைத்தெருக் கோடியில் கடை வைத்திருந்த பெரியவரைக் கேட்காமல் அப்பா எதுவும் செய்ய மாட்டார். அவர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தியைக் கூப்பிடச் சொன்னார். அவள் நடைவாசலில் வந்து நின்றாள். காது கேளாதவர்களிடம் பேசுவது போல அவர் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உன் புருஷன் காலமாயிட்டான்."

சித்தி குனிந்து, ஹை என்றாள்.

"கொழும்புல உங்க ஜாதிக்காரங்க வீடு ஒண்ணு இருக்கு. ஜப்பான் பொம்பளைங்க இருக்காங்க. அங்க கொண்டுபோய் விட்டுர்றோம். சம்மதமா?"

ஹை, என்று மறுபடி குனிந்தாள்.

பெரியவர் அப்பா பக்கம் திரும்பி, சரின்னுட்டா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாத்தீங்களா, கல் மனசு என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஹை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போதெல்லாம் அவள் இடையிடையே ஹை, ஹை என்பாள். கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்களே, அதுதான் அது. சரி என்பதற்கும் அவர்கள் அதையே சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரி இல்லை. காலமாவது என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. சம்மதமும் தெரியாது. பெரியவர் பேசுகிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மரியாதை காட்டினாள், அவ்வளவுதான்.

"அவங்களுக்கு வெளங்கல. உம் கொட்டுறாங்க" என்றேன்.

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை. பெரியவர் முன்னால் அப்பா சொல்லை மீறி நின்றது அதுதான் முதல் தடவை. அப்போது அடுப்படி வாசலிலிருந்து அம்மா பேசினாள். அம்மா பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நம்ம பொண்ணே சொல்லட்டும். புருஷன் செத்ததைப் பொண்டாட்டிக்கு வெளங்குற மாதிரி யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல."

சித்தியிடம் போனேன். சாவுக்கு எனக்குத் தெரிந்த ஜப்பான் சொல் ஒன்றே ஒன்று. கிட்டங்கியில் பொறியில் சிக்கிய எலியைப் பார்த்து அவள் சொன்ன சொல். ஷிந்தா. மனிதர்களுக்கு அப்படி எடுத்தெறிந்து சொல்லமாட்டார்கள், நம் காலமானார் போல, இல்லாமல் போனார் என்கிற மாதிரி ஒரு மரியாதையான பேச்சு உண்டு என்பதெல்லாம் நான் முப்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டது. சித்தப்பா ஷிந்தா என்று சொன்னேன்.

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். எங்கே என்று மட்டும் கேட்டாள். சிங்கப்பூர் என்றேன். பிறகு, அவளைக் கொழும்பில் ஜப்பான்காரர்கள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதையும் எனக்கு வந்த வரையில் சொன்னேன். சித்தப்பா செத்ததற்கு மாறாத முகம் அதற்கு மாறியது. ரத்தம் வடிந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது. எந்த வீடு என்றாள். பொம்பளைங்க இருக்காங்களாம் என்றேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய் அப்பாவுக்கு முன்னால் தரையில் மண்டிபோட்டு, இரண்டு உள்ளங்கையையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டாள். தமிழில் பேசினாள்.

"அப்பா, நான் போக மாட்டேன். அங்க வேணாம். அரிசி புடைக்கிறேன். கல் பொறுக்குறேன். நான் இங்க இருக்கேன், அப்பா."

அவளுக்குத் தமிழ் என்னிடமிருந்துதான் வந்தது. நான் அப்பாவை எப்படிக் கூப்பிட்டேனோ அதுதான் அவருக்குப் பேர் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி அப்படிக் கூப்பிடக்கூடாது என்று யாரும் திருத்தியதில்லை. அவள் பேசி அதுவரை யார் கேட்டார்கள்? அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். பெரியவரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம், "அது இங்கயே இருக்கட்டும்" என்றார். அம்மா சோற்றை அள்ளி வைத்தாள்.

சித்தி அழுதது அதற்கும் அப்புறம்தான், கிட்டங்கியில், அம்மாவின் மடியில். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே தேவைப்படவில்லை. நான் வெளியில் நின்றேன்.

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டி அந்தக் காலத்தில் என்ன வீடுகள் இருந்தன, அவற்றில் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்த பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன பிறகு காதில் விழுந்தது. சிங்கப்பூரிலும் அப்படித்தானாம். சித்தப்பா அவளை எங்கிருந்து கூட்டிவந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு அது தெரியுமோ தெரியாதோ. கோடிக்கடைப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் இந்த வயதில் தோன்றுகிறது.

ஆனியில் கச்சான் காற்று வீச ஆரம்பித்தது. அந்தக் காற்றில் பதுளை முழுக்கப் புழுதி பறக்கும், கதவுகள் அடித்துக்கொள்ளும். அப்போது ஊர் விகாரையைக் கும்பிட ஜப்பானிலிருந்து ஒரு பிக்கு வந்திருக்கிறார் என்று காய்கறிக்காரர்கள் சொன்னார்கள். நானும் அம்மாவும் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனோம். வயதானவர், வெயிலில் கறுத்துப்போயிருந்தார். அவர் பேசியது எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. அதே பாஷைதான், ஆனால் வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. என் சித்தியோ குரலைத் தாழ்த்தி, கூச்சத்தோடு பதில் சொன்னாள். தோட்டத்து ஆட்கள் படித்தவர்கள் முன்னால் எப்படிப் பேசுவார்களோ, அப்படி. அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, அமக்குசா என்றார். அது அவள் பிறந்த தீவின் பேராம். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை இன்னொருவர் வாயில் கேட்டதும் சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவர்கள் வேகமாகப் பேசினார்கள், எனக்கு எட்டவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது தன் பாதுகாப்பில் கூட்டிப்போய் அவள் வீட்டில் சேர்ப்பதாக அந்தப் பிக்கு சொன்னாராம்.  மறுநாள் கிட்டங்கியில் சித்தி என்னிடம் தமிழில், "அம்மா பாக்கணும்" என்றாள். எங்கள் அம்மாவைச் சொல்கிறாளோ என்று நான் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கும் ஓர் அம்மா இருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அப்பா இந்தத் தடவை பெரியவரைக் கேட்கவில்லை. பண்டாரவளை வரை தானே வண்டியில் வந்தார். அம்மா தன் நல்ல சேலை ஒன்றைக் கொடுத்திருந்தாள். பிளாட்பாரத்தில் அந்த மழைக்காலத்தை எல்லாம் நினைத்து நான் அழுதுகொண்டே நின்றேன். சித்தி குனிந்து வணங்கவில்லை. லயத்துப் பெண்கள் மாதிரி என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் விரலை நெரித்துக்கொண்டாள். ரயில் நகர்ந்ததும் ஜன்னலில் அவள் கை கொஞ்ச தூரம் தெரிந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆகையால் பிறகு ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவுமில்லை.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆட்டுக்கல் ஆட்டும்போதும் துணி துவைக்கும்போதும் அந்தப் பேச்சை எனக்கு நானே பேசிக்கொள்வேன். நான் கேட்பேன், அவள் குரலில் நானே பதில் சொல்வேன். சொற்கள் ஒவ்வொன்றாக மறந்துபோவது தெரியும்போது பயமாக இருக்கும். மறந்த சொல் திடீரென்று ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது வந்து நிற்கும். எனக்குக் கண் கலங்கும். வெங்காயத்தின் மேல் பழி போடுவேன்.

கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தேயிலையும் கறுவாப்பட்டையும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்னால். ஒருநாள் கடையில் ஒரே கூச்சல். யாரோ ஜப்பான் கப்பல்காரன் விலையைக் கேட்கிறான், இவருக்கு விளங்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நான் பதில் சொல்லிவிட்டேன். வெளியே சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கரி அப்பிய கையோடு கிழட்டுக் கப்பல்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றான். அவனும் அமக்குசாவுக்கு எதிர்க்கரை ஆள்தானாம். அன்றைக்கு அவன் தேயிலை வாங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அது தெருவில் பரவிற்று. மாணிக்கக்கல் வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஜப்பான் கம்பெனி அதிகாரி ஒருவரின் மனைவி என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மீன்காரப் பெண்கள் பேச்சாம் அது. நல்லவர். எழுத்தும், சபையில் பேசும் பேச்சும் அவரிடம்தான் படித்தேன். குளிருக்குச் சமுக்கா என்று சொல்லக்கூடாது, சமுய் என்று சொல்ல வேண்டும் என்று திருத்தினார். திருத்திக்கொண்டேன். கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்த வருஷங்களில் அந்த பாஷை தெரியும் என்றே காட்டிக்கொள்ளவில்லை. சண்டை முடிந்து மறுபடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் வருகிறார்கள். கண் மங்கிவிட்டது, எழுத்தை மட்டும் பேத்தி எழுதிக் காட்டுகிறாள்.

போன வருஷம் என் மாணவி ஒருத்தி மேல்படிப்புக்கு ஜப்பான் போனாள். கெட்டிக்காரி, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. போகும் முன் வந்து, அமக்குசாவுக்கு ஒருதரம் போய்ப் பார்க்கிறேன் டீச்சர், அங்கே யாரைக் கேட்கட்டும் என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். சித்தியின் பேரே எனக்குத் தெரியாது.

சித்தி என்றுதான் நான் கூப்பிட்டேன். அம்மா இந்தா என்பாள், அப்பா அது என்பார். சித்தப்பா ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. விகாரையில் அந்தப் பிக்கு கேட்டிருப்பார், அவளும் சொல்லியிருப்பாள். அரிசிக்குப் பேர் கேட்டேன், மழைக்குப் பேர் கேட்டேன். சித்தி என்கிறவளுக்குச் சித்திக்கு மேல் ஒரு பேர் இருக்கும் என்று அந்த வயதில் எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? உங்கள் பேர் என்ன என்பதைத்தான் நாற்பது வருஷமாக முதல் பாடமாக நடத்துகிறேன்.

அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, வகுப்பில் ஒருநாளும் சொல்லித்தராத பழைய பேச்சில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். மீன் என்ன விலை, நேற்றுப் பிடித்ததா இன்றைக்குப் பிடித்ததா என்கிற மாதிரி. சித்தியின் இழுப்பு வரும்வரை விடவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். படகுத்துறையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னாளாம். கிழவி விலை சொல்லவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு இவளுடைய கறுத்த முகத்தையும் பொட்டையும் நன்றாக உற்றுப் பார்த்தாளாம். பிறகு கேட்டாளாம், "நீ யார் வீட்டுப் பிள்ளை?"

 இவள் சும்மா சிரித்துவிட்டு வந்தாளாம். வரும்போது கிழவி கூப்பிட்டு, காசு வாங்காமல், காகிதத்தில் கொஞ்சம் கருவாடு சுற்றிக் கொடுத்தாளாம்.